கூட்டிப் பார்க்காத இரண்டு எண்கள்

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மீது, அவர் செய்யாத தவறை ஐந்து பேர் முன்னிலையில் சுமத்தினேன். அந்தத் தவறு என்னுடையது. அது பிறகு தெரியவந்ததல்ல, பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும். அதன் பிறகு ஒன்பது வருடங்கள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டுக்கு அருகே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளிக்கான சுவிட்சுகளைச் செய்துகொண்டிருந்தோம். வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் விளக்கை எரிய வைக்கும், அணைக்கும். எங்களுடையது ஒளியை வழி திருப்பும். நகக்கண் அளவு படிகச் சிப்பில் முடியைவிட மெல்லிய பாதை ஒன்றைச் செதுக்குவோம். ஒளி அதில் நுழைந்து இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேரும், வெளியேற இரண்டு வாயில்கள் உண்டு. நடுவில் ஒரு கிளையின் பக்கத்தில் தங்கப் பட்டை இருக்கும். அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அந்தக் கிளையில் போகும் ஒளி மட்டும் துளி பின்தங்கும். அந்தத் துளிப் பிசகால் ஒளி முதல் வாயிலில் வராமல் இரண்டாவது வாயிலில் வெளியே வரும். கண் இமைக்கும் நேரத்தில் இதைப் பல கோடி முறை செய்யலாம். பெரிய கணினிக் கூடங்களில் தகவலை ஒளியாகவே இங்கும் அங்கும் அனுப்ப இது வேண்டும்.

வேகம் எங்களுக்குச் சுலபமாகவே வந்தது. வோல்டேஜ்தான் படுத்தியது. ஐந்து ஆறு வோல்ட் கொடுத்தால்தான் பழைய சுவிட்சுகள் திரும்பும். ஒரு வோல்ட்டில் திரும்பினால் சாதாரண சிப்பே அதை நேரடியாக இயக்கிவிடும், சூடும் குறையும். தங்கப் பட்டையை ஒளிப்பாதைக்குக் கிட்டே கொண்டுபோனால் வோல்டேஜ் குறையும், ஆனால் உலோகம் ஒளியை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்று போடுவது வழக்கம். அந்தப் படலத்தை வளர்க்கும் விதத்தை நான் மாற்றினேன். வோல்டேஜ் ஒன்றேகாலுக்கு இறங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் அதிகம் இல்லை.

அந்தச் சிப்புகளுக்கு ஃபைபர், அதாவது ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழை, ஒட்டியவர் அந்தப் பெண்தான். செய்யூர் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேர்க்கடலை பறித்தும் சவுக்கு வெட்டியும் அவரை எம்.எஸ்ஸி. இயற்பியல் வரை படிக்க வைத்திருந்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒப்பந்த வேலை. கூடவே என்னிடம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். ஃபைபரின் நுனியை ஒளிப்பாதையின் முகப்பில் நிறுத்தி, ஒளி உச்சத்துக்கு வந்ததும் ஒரு சொட்டுப் பசை வைத்து, புற ஊதா விளக்கில் உறைய வைக்க வேண்டும். பசை உறையும்போது நுனியைத் துளி இழுக்கும். அந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, உச்சத்திலிருந்து சற்றே தள்ளி நிறுத்தி ஒட்டுவார். உறைந்து முடியும்போது சரியாக உச்சத்தில் வந்து நிற்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எனக்கு அது வரவே வரவில்லை.

படலத்தின் குறையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஒருநாள் காலை சுவிட்சை இரண்டாவது வாயிலுக்குத் திருப்பி, அப்படியே மாலைவரை விட்டு, ஒவ்வொரு நிமிடமும் இரண்டு வாயிலின் ஒளியையும் பதிவு செய்தார். ஒரு மணி நேரத்தில் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக முதல் வாயிலுக்குக் கசியத் தொடங்கியது. மாலைக்குள் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. கொடுத்த வோல்டேஜ் மாறவில்லை. நான் வளர்த்த படலத்துக்குள் மின்னூட்டங்கள் மெல்ல நகர்ந்து, நாங்கள் கொடுத்ததை உள்ளிருந்தே அழித்துக்கொண்டிருந்தன. வேகமாகத் தட்டித் தட்டிச் சோதித்தால் இது தெரியாது, நகர்வதற்கு அவற்றுக்கு நேரம் கிடைக்காது. ஒரே நிலையில் பிடித்து வைத்தால்தான் தெரியும். நெட்வொர்க்கிலோ சுவிட்சைப் பல மணி நேரம் ஒரே நிலையில்தான் பிடித்து வைப்பார்கள்.

பதிவை என் மேசையில் வைத்தார். பார்த்தேன். “சரி, இது இருக்கட்டும்” என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் லேபில் ஒரு வழக்கம் வந்தது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் மூன்று மணி நேரம் முன்பே சிப்புக்கு வோல்டேஜ் கொடுத்து வைத்துவிடுவோம். நகர வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் நகர்ந்து முடிந்திருக்கும். விருந்தினர் படியேறும்போது வோல்டேஜைச் சற்றே திருத்தி ஒளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் சிப் அசையாது. காபி குடித்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இதற்கு ‘ஊறவைப்பது’ என்று பெயர் வந்தது. வைத்தவர் எங்கள் டெக்னீஷியன், நாவலூர்க்காரர். வாயு சிலிண்டர்களையும் பம்புகளையும் பார்த்துக்கொள்பவர்.

“இன்னா தங்கச்சி, மாவு ஊறிச்சா?” என்று கதவைத் திறந்து தலையை நீட்டுவார். “கெஸ்ட்டுங்க வந்துகினு கீறாங்க. சட்டுனு இட்லிய ஊத்து.”

“ஊறிடுச்சுண்ணா. புளிக்காம இருந்தா சரி.”

“புளிச்சா சார் சக்கரை போட்டுப்பாரு.”

எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஆய்வுக் கட்டுரை எழுதியபோது, நிலைத்தன்மையைக் காட்ட ஊறவைத்த சிப்பின் வரைபடத்தையே போட்டேன். ‘மின்னழுத்தம் கொடுத்த கணத்திலிருந்து’ என்று அதன் கீழே எழுதினேன். அந்த ஒரு தொடர்தான் பொய், மற்றபடி எண்களெல்லாம் உண்மை. இரண்டாவது பெயராக அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. கையெழுத்துக்காகக் கொடுத்தபோது படித்துவிட்டு நின்றார்.

“சார், இதுல சீரோ நிமிஷம்னு இருக்கு. அது சீரோ இல்லையே சார். மூணு மணி நேரம் ஊறின பிறகுதானே ஆரம்பிச்சோம்?”

“சிப் செட்டில் ஆக டைம் கொடுக்கிறது எல்லா லேப்லயும் நடக்கிறதும்மா.”

“அது தப்பு இல்ல சார். அதை எழுதிட்டா போதும்.”

“அடுத்த பேப்பர்ல எழுதலாம். அதுல உன் பேருதான் முதல்ல.”

என் கையெழுத்து இல்லாமல் அவருக்குப் பட்டம் இல்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரையைப் பார்த்து சிறுசேரியில் ஒரு நிறுவனம் வந்தது. எங்கள் சுவிட்சுகள் பதினாறை ஒரு பலகையில் பொருத்தி நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் காலை எல்லாம் நன்றாக இருந்தது. மதியத்துக்கு மேல் பிழைகள் வரத் தொடங்கின. மாலைக்குள் ஒரு பாதையில் போக வேண்டிய தகவல் இன்னொன்றில் கலந்து எதுவும் படிக்க முடியாமல் போனது. மறுநாளும் அப்படியே. அங்கே ஊறவைக்க வழியில்லை. எந்தச் சுவிட்ச் எப்போது திரும்பும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கூட்டம் சிறுசேரியில் நடந்தது. அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், அவருடைய உதவியாளர்கள் இருவர், எங்கள் இயக்குநர், நிர்வாக அதிகாரி. இந்த ஐந்து பேருக்கு எதிரே நானும் அந்தப் பெண்ணும். வெளியே ஷட்டில் பஸ்களுக்காக வரிசையில் நின்ற கூட்டம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தலைமைப் பொறியாளர் கோபப்படவில்லை. “என்ன ஆச்சு சார்?” என்று மட்டும் கேட்டார்.

“ஃபைபர் ஒட்டு” என்றேன். “உங்க ரூம்ல மதியம் சூடு ஏறியிருக்கு. பசை இளகி நுனி நகர்ந்திருக்கு. ஒட்டினதுல கவனம் போதல. சிப்புல ஒண்ணும் இல்ல.”

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று தெரியவில்லை. முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. அதனால் குற்றம் குறைந்துவிடாது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பொறியாளரைப் பார்த்துப் பேசினார். “சார், ரெண்டு வாயிலோட எண்ணையும் கூட்டிப் பாருங்க. ஒட்டு விட்டிருந்தா ரெண்டுமே குறைஞ்சிருக்கும். இங்க ஒண்ணு குறையக் குறைய இன்னொண்ணு ஏறுது. கூட்டினா காலையில இருந்த அதே எண்தான் சார் வரும்.”

மேசையில் விரித்திருந்த தாளில் அந்த இரண்டு வரிசை எண்களும் இருந்தன. பள்ளிக்கூடத்துக் கூட்டல். யாராவது ஒருவர் பேனாவை எடுத்திருந்தால் அந்த நிமிடமே நான் பிடிபட்டிருப்பேன்.

“நீ கொஞ்சம் பேசாம இரும்மா” என்றேன். “அப்புறம் பேசலாம்.”

இயக்குநர் அவரைப் பார்த்து வெளியே காத்திருக்கச் சொன்னார். எழுந்து போனார். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் தலைநரைத்த பேராசிரியர், அவர் ஒப்பந்தத்தில் இருந்த பெண். என் குடும்பத்துக்கு மதுராந்தகம் பக்கம் நிலம் உண்டு, அதைத் தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். அவருக்காகப் பேச அந்த அறையில் மட்டுமல்ல, வேறெங்கும் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொன்னேன். வேறு ஒருவராக இருந்திருந்தால் வேறு ஒரு காரணம் தேடியிருப்பேன்.

திரும்பும்போது ஒரே காரில் வந்தோம். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கும்போது, “வரேன் சார்” என்றார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கோப்பு என்னிடம் வந்தபோது ‘பரிந்துரைக்கவில்லை’ என்று எழுதினேன். அவருடைய முனைவர் பட்டப் பதிவும் காலாவதியானது. நிலையத்தில் அவரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. டெக்னீஷியன் மட்டும் என் லேபுக்குத் தலை நீட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

ஓய்வுக்குப் பிறகு மாமல்லபுரம் சாலையில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தேன். மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத ஆராய்ச்சி மாணவர், வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்தார். மிகவும் மரியாதையான கடிதம். எங்கள் கட்டுரையைப் பின்பற்றி ஒன்றரை வருடமாகச் சிப் செய்கிறாராம், எத்தனை முறை செய்தாலும் ஒளி நகர்ந்துவிடுகிறதாம், தான் எங்கே தவறு செய்கிறோம் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

தவறு தன்னுடையது என்றே அவர் நினைத்திருந்தார். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நான்கு நாள் கழித்து அவருக்கு உண்மையை எழுதினேன். அந்த வாரமே ஆய்விதழுக்கும் எழுதி, ஊறவைத்ததைச் சொல்லி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னேன். என்னால் முடிந்த பரிகாரம் இதுதான் என்று நம்பினேன். மற்ற ஆசிரியருக்கும் தெரிவிப்போம் என்று பதில் வந்தது. அவர்களிடம் இருந்தது எங்கள் நிலையத்தின் பழைய மின்னஞ்சல் முகவரி, எப்போதோ செத்துப்போனது. எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணைத் தேடிக் கேட்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. சில மாதங்களில் அறிவிப்பு வந்தது. ‘முடிவுகள் தவறாகக் காட்டப்பட்டதால் ஆசிரியர்களின் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது.’ கீழே இரண்டு பெயர்கள்.

பிறகு ஒருநாள் டெக்னீஷியனிடமிருந்து போன்.

“சார், அந்தப் பொண்ணு உங்க நம்பரு கேட்டுச்சி. குடுக்கட்டா?”

“எந்தப் பொண்ணு?”

“இன்னா சார் இது? நம்ம லேப்ல எத்தினி பொண்ணு இருந்துச்சி? ஒட்டற பொண்ணு சார்.”

பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். குரல் மாறியிருந்தது, வகுப்பெடுத்துப் பழகிய குரல்.

“சார், அந்தப் பேப்பரை வாபஸ் வாங்கிட்டீங்களா?”

“ஆமாம்மா. நான் செஞ்சது தப்புன்னு எழுதிட்டேன். உனக்கும்… உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“எனக்கு யாரும் சொல்லல சார். கைடு கமிட்டியில ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினாங்க.”

அவர் வேறொருவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, வேறு பொருளில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டி என்ற அங்கீகாரம் வேண்டும். அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தார். வழிகாட்டிகளின் கட்டுரைகளைக் குழு சரிபார்க்கும். மோசடிக்காகத் திரும்பப் பெற்ற கட்டுரையில் பெயர் இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றார். “நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். என் அளவீட்டையும் சேர்த்து அனுப்புங்கன்னு சொல்லியிருப்பேன்.”

மறுநாளே கல்லூரிக்குப் போனேன். அவர் அந்தக் குறையை முன்பே அளந்து என்னிடம் கொடுத்தார், நான் மறைத்தேன், அவர் ஆட்சேபித்தும் கையெழுத்து வாங்கினேன் என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதல்வர் என்னைவிட முப்பது வயது சின்னவர். நிதானமாகப் படித்தார்.

“சார், நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க. ஆனா இதுல என்ன எழுதியிருக்கு? தப்புன்னு தெரிஞ்சே மேடம் கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதியிருக்கு. இதுவரைக்கும் கமிட்டிக்கு அது தெரியாது. இதை நான் அனுப்பட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.”

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

வெளியே வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். முதல்வர் சொல்லியனுப்பியிருப்பார். தலையில் ஓரிரு நரை. உள்ளே நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இடையில் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

“பேப்பர் விஷயத்துல எனக்கும் பங்கு இருக்கு சார்” என்றார். “பேனாவை நான்தான் எடுத்தேன். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஒட்டுல எனக்கு என்ன பங்கு சார்?”

அவரே தொடர்ந்தார்.

“உங்ககிட்ட இருந்து வந்த பிறகு சிறுசேரியில ரெண்டு இடத்துல இன்டர்வியூ போனேன். ரெண்டு இடத்துலயும் கேட்டாங்க, ‘ஒட்டு விட்டுச்சாமே, நீங்கதானா அது?’ன்னு. எங்க அம்மாகிட்ட கூட என்னால அதை விளக்க முடியல. இத்தனை வருஷத்துல அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா, என் ஒட்டு விடலன்னு?”

சொல்லவில்லை. இதழுக்கு எழுதினேன், மாணவருக்கு எழுதினேன், விஞ்ஞானத்துக்கு நான் செய்த தீங்கைப் பற்றி நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சிறுசேரி அறையில் சொன்ன வாக்கியத்தைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதவில்லை. அது நினைவில் இல்லாமல் இல்லை. எழுத முடிந்த குற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தேன்.

அந்த ஐந்து பேரையும் தேடினேன். இயக்குநர் இறந்துவிட்டார். நிர்வாக அதிகாரி மகனிடம் அமெரிக்காவில் இருக்கிறார், மறதி நோய். உதவியாளர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொருவர் என் கடிதத்துக்கு ‘நன்றி, படித்தேன்’ என்று பதில் போட்டார். தலைமைப் பொறியாளர் மட்டும் போனில் கிடைத்தார்.

“பலகை ஞாபகம் இருக்கு சார். மதியம் ஆனா சொதப்பும்” என்று சிரித்தார். “பொண்ணா? கூட ஒரு பொண்ணு வந்தாங்களா? ஒட்டா? எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லையே சார். ஏன், இப்ப என்ன அதுக்கு?”

முழுவதையும் சொன்னேன். இரண்டு எண்களைக் கூட்டினால் என்ன வரும் என்பதையும் சொன்னேன். “அடடா” என்றார். வேறு ஏதோ அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

நடந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, யார் யாரிடம் சொன்னேன், யாரிடம் சொல்ல முடியவில்லை என்ற விவரத்துடன் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். பொறியாளருக்கு நினைவில்லை என்பதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்து, எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘படித்தேன் சார். கல்லூரிக்கோ கமிட்டிக்கோ இனி நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.’

அறிவிப்பில் அவருடைய அளவீட்டைப் பற்றி ஒரு வரி சேர்க்க, அவர் சம்மதம் கேட்டு இதழுக்கு எழுதினேன். இந்த முறை கேட்டேன். சம்மதித்தார். அந்த வரி இப்போது இருக்கிறது. தேடிப் போய்ப் படிப்பவருக்குத் தெரியும். குழு இந்த வருடமும் அங்கீகாரம் கொடுக்கவில்லை. டெக்னீஷியன் சொல்லித்தான் தெரியும். கல்லூரியில் அவர் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் ஆய்வகம் எடுக்கிறார், வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். ஆராய்ச்சிக்கென்று இரண்டு பெண்கள் அவரைக் கேட்டு வந்தார்களாம். வேறு வழிகாட்டியிடம் அனுப்பிவைத்துவிட்டாராம்.